வலிப்பு மாத்திரை

ஆவுடையம்மாளின் இடது விலாவில் அக்கி வந்தபோது, அவள் கணவர் சண்முகையா செய்த ஒரே வைத்தியம் கடைக்கு வந்தவர்களிடம் யோசனை கேட்டதுதான். ஒருவர் புற்றுமண் என்றார். குழைத்துப் பூசினார்கள். இன்னொருவர் அக்கி எழுதச் சொன்னார். மண்பானை செய்யும் வேளார் வந்து விலாவில் காவியால் சிங்கம் வரைந்துவிட்டுப் போனார். கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. சிங்கம் ஜெயித்துவிட்டது என்று சண்முகையா தம் உரக்கடையில் உட்கார்ந்து ஒருவர் விடாமல் சொன்னார்.

வலி மட்டும் போகவில்லை. ரவிக்கைத் துணி பட்டாலே மிளகாய் அரைத்து அப்பியதுபோல் எரிந்தது. நடுநடுவே கரண்ட் அடித்தாற்போல் உடம்பு தூக்கிப்போட்டது.

“புண்ணே இல்ல, எங்கனட்டி வலிக்கி? நடிக்கியா?” என்றார் சண்முகையா.

மகள் கனகலட்சுமிதான் டாக்டரிடம் கூட்டிப்போனாள். “கொப்புளம் கிளம்பின உடனே வந்திருக்கணும்மா. இது அக்கி நரம்பைக் கெடுத்துட்டுப் போன வலி” என்று டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும், சட்டென்று நிறுத்தக் கூடாது என்றார். போகப் போக ஆவுடையம்மாள் ரவிக்கையோடு தூங்கினாள்.

அப்போதுதான் சண்முகையா அந்த மாத்திரையின் பெயரை போனில் போட்டுப் பார்த்தார். முதல் வரியில் வலிப்பு நோய் என்று இருந்தது. அடுத்த வரியில் நரம்பு வலி என்றும் இருந்தது. அவர் எதையும் அடுத்த வரிவரை படித்ததில்லை.

“ஏட்டி, வெள்ளிக்கிழமை புளியங்குடிக்காரங்க பொண்ணு பாக்க வாராக. தாய்க்கு வலிப்புன்னு தெரிஞ்சா பிள்ளையை யாரு கட்டுவான்?”

“எனக்கு எங்கங்க வலிப்பு?”

“அதை ஊர் ஊராப் போய்ச் சொல்லுவியோ? சம்பந்தம் முடியட்டும், பொறவு முழுங்கு.”

மாத்திரைகளை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டார். புற்றுமண் மட்டும் பூஜை அறையில் திறந்தே கிடந்தது.

வெள்ளிக்கிழமை பட்டு ரவிக்கை விலாவை அறுத்தது. மாப்பிள்ளையின் தாய் நிர்மலாதேவிக்கு முன்னால் ஆவுடையம்மாள் அல்வாத் தட்டை நீட்டியபோது, அந்தக் கரண்ட் அடித்தது. உடம்பு வெட்டியது. தட்டு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

“வலிப்பு வலிப்பு! இரும்பைக் கையில குடுங்க!” என்று வந்தவர்களில் ஒருவர் கத்தினார்.

மனைவிக்கு வலிப்பு இல்லை என்று சொல்ல வேண்டிய ஒரே ஆள் பதறிப்போய், இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி அவள் கையில் திணித்தார்.

ஆவுடையம்மாள் சாவியைப் பார்த்தாள். எழுந்தாள். நேரே போய் பீரோவைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்துவந்து எல்லோருக்கும் நடுவில் வைத்தாள்.

“வலிப்பு இல்ல மதினி. அக்கி வந்த நரம்பு வலி. அதுக்கு டாக்டர் குடுத்த மாத்திரையைத்தான் இவுக போன்ல பாத்துட்டு, வலிப்பு மாத்திரைன்னு பூட்டி வச்சிட்டாக.” பிறகு மகளிடம், “டாக்டருக்குப் போனைப் போடு. விட்ட மாத்திரையை எந்த அளவுல இருந்து ஆரம்பிக்கணும்னு கேளு” என்றாள்.

நிர்மலாதேவி அல்வாவைப் புடவையிலிருந்து வழித்துக்கொண்டே சண்முகையாவை ஏற இறங்கப் பார்த்தாள். “எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காக மதினி, போனைப் பாத்து வைத்தியம் பண்ணுதவக. நீங்க மொதல்ல உக்காருங்க.”

சண்முகையா மெல்லக் கையை நீட்டினார். “சாவி...”

“இரும்பு எங்கிட்டயே இருக்கட்டும்” என்று ஆவுடையம்மாள் அதைத் தன் இடுப்பில் செருகினாள். “நீங்கதான குடுத்தீக.”