பத்தாம் நம்பர் முள்

நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. திங்கட்கிழமை பகல் ஒரு மணிக்குத் தொலைபேசி வந்தது. புதன்கிழமை காலை ஆறு மணிக்கு ஜீப் வந்து பெட்டியை எடுத்துக்கொள்ளும் என்றார்கள். இடையில் செவ்வாய்க்கிழமை தைக் கிருத்திகை.

எங்கள் கடை ஸ்டேஷன் ரோட்டில் இருந்தது. கயிறு, வலை நூல், தூண்டில் சாமான். கடைக்காரர் என் அப்பா பஞ்சாட்சரம். நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். அவர் மீன் சாப்பிட்டதில்லை, வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. கிருத்திகைக்கு முதல் நாள் பொழுது சாய்ந்ததும் தூண்டில் முள் வைத்த அலமாரிமேல் ஒரு வேட்டியைப் போர்த்திவிடுவார். மறுநாள் முடியும்வரை அவரும் தொடமாட்டார், நாங்களும் தொடக்கூடாது. யாராவது முள் கேட்டு வந்தால், கயிறு இருக்கிறது என்பார்.

அந்தத் திங்கட்கிழமை அவர் கோயில் மலையடிவாரத்தில் அன்னதானப் பந்தலுக்கு அடுப்புப் போடப் போயிருந்தார். கடையில் நான் இருந்தேன். எழுபத்திரண்டில் விலங்கியல் பி.எஸ்ஸி. முடித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டே, நைனா இல்லாத வேளைகளில் கடையைப் பார்த்துக்கொண்டேன்.

எங்களுக்குத் தொலைபேசி இல்லை. பக்கத்து ஓட்டலில் இருந்தது. ஓட்டல்காரி கௌரியம்மாள் வாசலில் நின்று கத்தினாள்.

"காஞ்சனா! புத்தூர்லருந்து டிரங்கால். ஓடியா!"

முன்பின் தெரியாத ஒருவரோடு அதுவரை நான் தொலைபேசியில் பேசியதில்லை. ஓட்டலில் ஒன்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்பது பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பஞ்சாட்சரம் இல்லியா? நீ பொண்ணா? சரி, எழுதிக்கோம்மா. நான் கஜபதி. பிச்சாட்டூர் அணைல மீன் குத்தகை எடுத்திருக்கேன். பெங்களூர்லருந்து மூணு பேர் வர்றாங்க. தூண்டில் போடறதுக்குன்னே ஊர் ஊரா போறவங்க. கோலு, ரீலு அவங்களே கொண்டாந்துடுவாங்க. முள்ளு, நரம்பு, ஸ்பூன் எல்லாம் நீங்க ஒரு பெட்டில போட்டுக் கட்டி வைக்கணும். கேக்குதா?"

"ஆங்."

"கொரமீனுக்குத்தான். வேற எதுக்கும் வேணாம்."

கம்பியில் இரைச்சல். கொறவை மீன் என்று எழுதிக்கொண்டேன். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை.

"உங்க மாப்பிள்ளை தறி நின்னு வூட்ல இருக்காருன்னு உங்க நைனா சொல்லிகினே இருந்தாரு. அவரையும் ஜீப்ல ஏத்தி வுடு. இந்த மூணு பேரும் சந்தோஷமா திரும்பிப் போனாங்கன்னா அவரையே நிரந்தரமா வச்சிக்கிறேன். அணைகிட்ட ரூம் இருக்குது. குடும்பத்தோட இருக்கலாம். தெரிஞ்சுதா?"

"ஆங்."

தொலைபேசியை வைத்தேன். கௌரியம்மாள் சாம்பார் வாளியோடு நின்றிருந்தாள்.

"ஆங் ஆங்னு தலைய ஆட்டறியே, ஃபோனுக்குத் தலை தெரியுமாடி?"

ஒன்பது பேரும் சிரித்தார்கள். நான் கடைக்கு வந்துவிட்டேன்.

மாப்பிள்ளை என்றால் என் அக்கா தமயந்தியின் கணவர் துளசிங்கம். அம்மையார்குப்பத்தில் அவருக்கு ஒரு தறி இருந்தது. நூல் கிடைக்காமல் தறி நின்றது. ஐந்து மாதமாக இருவரும் எங்கள் வீட்டில் இருந்தார்கள். அந்த ஐந்து மாதத்தில் அவர் இரண்டாம் தடவை சோறு கேட்டு நான் பார்த்ததில்லை.

பொழுது சாய ஐந்து மணி நேரம் இருந்தது. பெட்டிக்குள் என்ன போவது என்று அதற்குள் முடிவு செய்ய வேண்டும்.

மீனின் வாயைப் பார்த்து முள், முள்ளைப் பார்த்து நைலான் நரம்பு, நரம்பைப் பார்த்து ஈயக்குண்டு. வாங்க வந்த ஆளைப் பார்த்து எதையும் எடுத்துக் கொடுக்கக்கூடாது. இது நைனா சொன்னது. முள் எண்கள் பின்னோக்கி ஓடும். இருபது சிறியது. பத்து அதைவிடப் பெரியது. ஒன்று இன்னும் பெரியது. ஒன்றையும் தாண்டினால் ஒரு சாய்ந்த கோடு போட்டு சைபர் சேர்ப்பார்கள்: 1/0, 2/0, 3/0. நைனா ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் இழுப்பறை வைத்திருந்தார். அந்த முள்ளுக்குத் தக்க நரம்பும் குண்டும் தக்கையும், மீனை ஏமாற்றும் தகட்டு ஸ்பூனும் அதே இழுப்பறையில் இருக்கும். எண்ணைச் சொன்னால் போதும்.

கொறவையை எனக்குத் தெரியும். சன்னா பங்டேட்டஸ். இரண்டாம் ஆண்டில் ஆய்வகத் தொட்டியில் பன்னிரண்டு இருந்தன. சாண் நீளம். வாயைத் திறந்தால் சுண்டுவிரல் நுனி போகும். நான் மீன்களை அப்படித்தான் படித்திருந்தேன், லத்தீன் பெயரிலும் சென்டிமீட்டரிலும். சந்தையில் அவற்றை என்ன சொல்லி விற்கிறார்கள் என்பது எனக்கு அவ்வளவாகத் தெரியாது.

பத்தாம் எண் இழுப்பறையைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே வைத்துப் பார்த்தேன். மழை நின்று இரண்டு மாதம் ஆகிவிட்டது, அணைத் தண்ணீர் தெளிந்திருக்கும். கலங்கிய தண்ணீருக்கு வெள்ளி ஸ்பூன், தெளிந்த தண்ணீருக்குச் செம்பு. ஆகவே செம்பு. கரையோரம் பாசி இருக்கும். முள் பாசியில் மாட்டாமல் இருக்க அதன் வாய்க்குக் குறுக்கே மெல்லிய கம்பி கட்ட வேண்டும். பெங்களூரிலிருந்து வருகிறவர்களுக்கு அங்கே வேறு கடை கிடையாது. அறுந்தால், தொலைந்தால், ஆமை கடித்தால் மாற்று வேண்டும். எல்லாம் மூன்று மடங்கு.

இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. யாரிடமும் எதுவும் பேச வேண்டியதில்லை.

நைனா வந்து வேட்டியைப் போர்த்துவதற்கு முன்பு எல்லாவற்றையும் உள்ளே வைத்தேன். ஒரு சீட்டில் 10 என்று எழுதினேன். அதன் கீழே செம்பு, குறுக்குக் கம்பி, மூன்று மடங்கு. துளசிங்கம் வேறு வீட்டுக்காரர், எங்கள் விரதம் அவரைக் கட்டாது. சீட்டை அவரிடம் கொடுத்தேன். கிருத்திகை அன்று அவர் பெட்டியைக் கட்டுவார்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் நானும் அம்மாவும் பந்தலில் இலை போட்டோம். சாயங்காலம் திரும்பியபோது துளசிங்கம் கொல்லையில் உட்கார்ந்து முள்ளில் நரம்பு கட்டிக்கொண்டிருந்தார். தறியில் அறுந்த இழையைப் பிணைக்கும் விரல்கள் அவை. முடிச்சு இருப்பதே தெரியவில்லை. ஒவ்வொரு முள்ளின் கழுத்திலும் இரண்டு சுற்று சரிகை சுற்றியிருந்தார்.

"பாவா, இது இன்னாத்துக்கு?" என்றேன்.

"மினுக்குனா மீனு திரும்பிப் பாக்கும் இல்ல?"

தமயந்தி துவைத்த துணியை உதறினாள். "ஒரு ரவிக்கைக் கரைக்கு சரிகை கேட்டேன், இல்லன்னாரு. மீனுக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சாம்?"

"நீ ஏற்கனவே மாட்டிகினே. இனிமே எதுக்கு உனக்கு சரிகை?"

அவள் ஈரத் துணியால் அவர் முதுகில் ஓர் அடி போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அந்த ரூம்ல சமையலுக்குத் தனியா எடம் இருக்குமா காஞ்சனா? அவரு எதுனா சொன்னாரா?"

"கேக்கல."

"நீ எதத்தான் கேட்டே?"

மூலையில் ஒரு சாக்கு இருந்தது. அவள் அதற்குள் இரண்டு தவலையும் ஒரு வாணலியும் போட்டுவிட்டிருந்தாள்.

புதன்கிழமை ஆறு மணிக்கு ஜீப் வந்தது. துளசிங்கம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் பஸ்ஸில் தனியாகத் திரும்பினார். அந்த மூன்று பேரும் ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டார்கள் என்றார். மீன் கடித்தது, ஒன்றும் கரைக்கு வரவில்லை. சாப்பாடு வேண்டாம் என்றார்.

சனிக்கிழமை காலை கஜபதியே வந்தார். உயரமான மனிதர். பெட்டியைக் கல்லாப் பலகைமேல் வைத்துத் திறந்தார்.

"பஞ்சாட்சரம், இதப் பாரு."

நைனா ஒரு முள்ளை எடுத்தார். முள்ளாக இல்லை, ஊசிபோல நேராக நிமிர்ந்திருந்தது.

"கட்டு ஒண்ணுகூட அவுறல. அது வரைக்கும் நான் ஒத்துக்கிறேன். ஆனா முள்ளு? மூணு கிலோ, நாலு கிலோ கொரமீனு. வாயில எடுத்து ஒரு திருப்பு திருப்பிச்சு, நிமிந்துடுச்சு. நிமிராதது நரம்போட போயிடுச்சு. முதல் நாளே பதினோரு மீனு போச்சு. அந்தப் பெரியவர் என்னைப் பாத்து, உங்க ஊர்ல மீன் புடிக்கிறீங்களா, மீனுக்குத் தீனி போடறீங்களான்னு கேக்கறாரு. கார் எடுத்துகினு போயிட்டாங்க."

நைனா முள்ளைத் திருப்பிப் பார்த்தார். "விராலுக்கா பத்தாம் நம்பர் போட்டு அனுப்பினோம்?"

அவர் விரால் என்றார். கஜபதி கொரமீனு என்றார். இரண்டும் ஒரே மீன். தெலுங்கில் கொரமீனு என்றால் தமிழில் விரால். நகரிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களோடு இருபது வருடம் பேசியதால் நைனாவுக்கு அது தெரியும். கொறவை வேறு மீன். ஒரே பேரினம், ஆனால் சாண் நீளம்தான். நான் அலமாரியின் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

"இரு, இரு," என்றார் நைனா. அவர் முகம் தெளிந்தது. "இன்னா நடந்திருக்கும்னு எனக்குத் தெரியுது. சீட்டு எழுதினது எம்பொண்ணு. ஜுவாலஜி படிச்சவ, விராலுக்கு இன்னா முள்ளுன்னு அவளுக்குத் தெரியும். ஒண்ணு பை சைபர்னு எழுதியிருப்பா. நம்ம மாப்பிள்ளை பத்துன்னு படிச்சிட்டாரு. நடுவுல ஒரு கோடுதான. தப்பான இழுப்பறையத் தொறந்தா உள்ள இருக்கறது எல்லாமே தப்புதான்."

துளசிங்கம் கயிற்றுக் கட்டுகளின் பக்கம் நின்றிருந்தார்.

"அந்தச் சீட்டு எங்க மாப்பிள்ளை?"

"மண்புழு டப்பாவுல போட்டிருந்தேன் மாமா. தண்ணில போயிடுச்சு."

"கோடு இருந்துதா, இல்லியா?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "இருந்திருக்கும் மாமா. நான் கவனிக்கல."

"அவரு தறிக்காரர்," என்று நைனா கஜபதியிடம் சொன்னார். "முள்ளு நம்பர் எல்லாம் புதுசு. ஒரு மாசம் எங்கிட்ட இருந்தா கத்துக்குவாரு."

"ஒரு மாசம் நான் இன்னா பண்றது? அடுத்த வாரம் மெட்ராஸ்லருந்து ஆளுங்க வர்றாங்க. பத்துக்கும் ஒண்ணு பை சைபருக்கும் வித்தியாசம் தெரியாதவர அணைல வச்சிக்கினு நான் யாருக்குப் பதில் சொல்றது? பங்காரு வர்றேன்றான். சின்ன வயசுலருந்து தூண்டில் போட்டவன். அவன வச்சிக்கிறேன். தப்பா நினைக்காத பஞ்சாட்சரம்."

"அது நியாயந்தான்," என்றார் துளசிங்கம்.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த கதவருகே தமயந்தி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. உள்ளே போனாள். சாக்கிலிருந்து பாத்திரங்களை எடுத்துத் திரும்ப அடுக்கும் சத்தம் கேட்டது.

நைனா தலையை ஆட்டினார். "எம்பொண்ணு மேல ஒண்ணும் தப்பு இல்ல, அத மனசுல வச்சிக்க. நாளைக்கு அவளுக்கு வேலை வந்தா போயிடுவா. அவ எழுதினா அச்சுல வார்த்த மாதிரி இருக்கும்."

கஜபதி பெட்டியை மூடி நைனா பக்கம் தள்ளினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியில் இறங்கினார். ஜீப் எதிர்ப் பக்கம் நின்றிருந்தது. பள்ளிப்பட்டு பஸ் ஒன்று குறுக்கே வந்து நின்றதால் சாலையைத் தாண்ட முடியாமல் அவர் அங்கேயே நின்றார். கௌரியம்மாள் ஓட்டல் வாசலில் இரண்டு பேர் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

பஸ் நகரும்வரைதான் நேரம். நான் கல்லாப் பலகையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"சார்," என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. கை கழுவியவர்கள் திரும்பினார்கள்.

"சார்!"

கஜபதி திரும்பினார். நைனாவும் எழுந்து வந்தார்.

"இன்னாம்மா?"

"நீங்க ஃபோன்ல கொரமீனுன்னு சொன்னீங்க. எனக்குக் கொறவைன்னு கேட்டுது. திருப்பிக் கேக்க வெக்கமா இருந்தது, கேக்கல."

"அதுக்கு?"

"பாவா சரியாத்தான் படிச்சாரு. சீட்டுல கோடு இல்ல. பத்துன்னுதான் நான் எழுதினேன்."