போலீஸ்காரர் பேசிய கொம்பலி

ஞாயிற்றுக்கிழமை கொம்பலி மொழி வகுப்புக்கு ஒரு பிள்ளைகூட வரவில்லை. அடுகோடியில் லேத் பட்டறைகளுக்குப் பின்னால் இருந்த சங்கக் கட்டடத்தின் மாடியில் பாயை விரித்து, கரும்பலகையைத் துடைத்து வைத்துவிட்டு மைதிலி காத்திருந்தாள். மற்ற வாரங்களில் பத்துப் பன்னிரண்டு பேர் செருப்பைக் கண்டபடி உதறிவிட்டு ஓடி வருவார்கள். அன்று படியேறி வந்தது காந்தா மட்டும்தான். அவளும் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

“மேடம், இனிமே கிளாஸ் வேணாம்.”

இத்தனை வருடமாக ‘அக்கா’ என்று கூப்பிட்டவள். மைதிலி எழுந்து வாசலுக்கு வந்தாள்.

“என்ன ஆச்சு காந்தா?”

“என் தம்பிய வியாழக்கிழமை போலீஸ் இட்டுக்கினு போச்சு. பொம்மசந்திராவுல அவன் வேலை செய்ற கம்பெனில செப்புக் கம்பி காணோமாம். யாரோ எடுத்தான், இவன் ஜாதியப் பாத்து இவனைப் புடிச்சாங்க. அது எங்களுக்குப் புதுசு இல்ல. ஆனா ஸ்டேஷன்ல ஒரு போலீஸ்காரன் கொம்பலில பேசறான் மேடம். எங்க பேச்சுல. அவனுக்கு யாரு கத்துக் குடுத்தா?”

காந்தா பதிலுக்காக நிற்கவில்லை. மடமடவென்று இறங்கிப் போய்விட்டாள்.

மைதிலிக்கு ஐம்பத்தாறு வயது. அழிந்துகொண்டிருக்கும் சிறிய மொழிகளைத் தேடிப் போய்ப் பதிவு செய்வதுதான் அவள் வேலை. முதலில் போன மலைக்கிராமத்தில், அவள் இலக்கணத்தை எழுதி முடிப்பதற்குள் அந்த மொழியைப் பேசிய கடைசி ஆள் செத்துப்போனார். யாரும் பேசாத மொழிக்கு அவள் எழுதிய புத்தகத்துக்கு விருது கொடுத்தார்கள். மேடையில் அதை வாங்கும்போது சாவு வீட்டில் பரிசு வாங்குவதுபோலக் கூசியது. அதற்குப் பிறகுதான் எழுதி வைத்தால் மட்டும் போதாது, பேசவும் வைக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். அப்படி அவள் கண்டுபிடித்ததுதான் கொம்பலி.

கொம்பலி பேசுகிறவர்கள் ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் பிழைத்தவர்கள். எங்கே திருட்டுப் போனாலும் முதலில் இவர்கள் கூடாரத்துக்குத்தான் போலீஸ் வரும். ஆகவே அந்த மொழி அவர்களுக்குப் பேச்சு மட்டும் இல்லை, வேலி. பக்கத்தில் நிற்கும் அந்நியனுக்குத் தெரியாமல் ‘ஓடு’ என்றும் ‘ஒளி’ என்றும் சொல்லிக்கொள்ள அவர்களிடம் இருந்த ஒரே பாதுகாப்பு. மைதிலி வந்து உட்கார்ந்தபோது காந்தா முதலில் வாங்கிக்கொண்ட சத்தியமே அதுதான்: இந்த மறைவுச் சொற்கள் வெளியே போகக் கூடாது. அவற்றின் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் தனிக் கோப்பாகப் பூட்டி வைத்திருந்தாள் மைதிலி. கடவுச்சொல் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருத்தி அவள். இன்னொருவன் அவளுடைய உதவியாளன் குணசேகர்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த ஒரு பெயர்தான் மனதில் ஓடியது.

குணசேகர் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி குடும்பத்தில் பிறந்தவன். இப்போது மனைவி ஜோசபினோடு மர்பி டவுனில் இருக்கிறான். அவனைப்போலக் காது கூர்மையான ஆளை அவள் பார்த்ததில்லை. ஆனால் யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாகக் கிளம்பி வந்தது. கொஞ்ச நாளாக அவள் அறைக்குள் வந்தால் போனில் பேச்சைப் பாதியில் நிறுத்துகிறான். மதியமே கிளம்பிவிடுகிறான். போன வாரம் யாரோ இரண்டு பேர் அவனைத் தேடி வந்தபோது அவளுக்கு அறிமுகம் செய்யாமல் டீக்கடைக்குக் கூட்டிப் போனான். அப்போது சாதாரணமாகத் தெரிந்ததெல்லாம் இப்போது வேறு மாதிரித் தெரிந்தது.

மறுநாள் அவன் வருவதற்கு முன்னாலேயே அலுவலகத்துக்குப் போய், அவன் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள். அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. பூட்டிய கோப்பைச் சமீபத்தில் அவன் திறந்திருந்தான்.

குணசேகர் உள்ளே வந்ததும், தன் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருப்பதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான்.

“என்ன மேடம் தேடறீங்க?”

“இதை எதுக்குத் திறந்தே?”

“போன மாசம் நீங்கதானே நாலு பதிவுல இரைச்சல் ஜாஸ்தியா இருக்கு, க்ளீன் பண்ணுன்னு சொன்னீங்க?”

சொன்னாள்தான். மறந்துபோயிருந்தது. ஆனாலும் விட மனம் வரவில்லை. “அப்ப உன்னைத் தேடி வந்தாங்களே, அவங்க யாரு?”

அவன் பையைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். முகம் சிவந்துவிட்டது.

“மைசூர்ல ஒரு வேலைக்கு இன்டர்வியூ போய்ட்டு வந்தேன். கிடைச்சா சொல்லலாம்னு இருந்தேன். அவங்க என் பிரெண்ட்ஸ். போதுமா? காந்தாக்கா வீட்டு விஷயம் எனக்கும் தெரியும் மேடம். என் போனையும் எடுக்க மாட்றாங்க. ஆனா நீங்க என்னைச் சந்தேகப்படுவீங்கன்னு நினைக்கல.” கை நீட்டித் திரையை அணைத்தான். “சரி, அந்தப் போலீஸ்காரன் என்ன சொன்னானாம்? என்ன வார்த்தை?”

யார் என்ன சொன்னாலும் ‘எப்படிச் சொன்னார், அப்படியே சொல்லுங்கள்’ என்று கேட்பதுதான் மைதிலியின் பிழைப்பு. இந்தத் தடவை அதை மட்டும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே காந்தாவின் வீட்டுக்குப் போனாள். சந்தில் நுழைந்ததும் குழாயடிப் பேச்சு நின்றது. பிறகு தமிழில் தொடங்கியது. போன வாரம்வரை அவள் காது கேட்கவே கொம்பலியில் சண்டை போட்ட பெண்கள் அவர்கள்.

காந்தாவின் தம்பி கணேசமூர்த்தி கட்டிலில் சாய்ந்திருந்தான். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. கம்பி வேறு யாருடைய லாரியிலோ அகப்பட்டதால் இவனை விட்டிருந்தார்கள். மைதிலியைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். காந்தா குறுக்கே வந்து நின்றாள்.

“இன்னும் இன்னா ஓணும்?”

“ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். அந்த ஆள் என்ன சொன்னான்?”

“ஒரு மணி நேரம் எங்க பேச்சுலயே விசாரணை பண்ணானாம். சந்து பூராவும் சொல்லுது.”

“ஒரு மணி நேரம்லாம் இல்ல,” என்றான் கணேசமூர்த்தி, சுவரைப் பார்த்தபடியே. “ரெண்டு வார்த்தை. இன்ஸ்பெக்டர் போன் பேச வெளிய போனாரு. அந்த ஏட்டு என் பக்கத்துல குனிஞ்சு, ‘கிலு பெரா’ன்னான். திருட்டுல கை வைக்காதேன்னு மிரட்டறான். எனக்கு மூத்திரமே வந்துடுச்சு.”

கொம்பலியில் ‘கிலு’ என்றால் கை. ‘பெரா’ என்றால் வைக்காதே.

“அப்படியே சொன்னானா? ‘கிலு பெரா’ன்னே முடிச்சானா?”

கணேசமூர்த்தி கண்ணை மூடி யோசித்தான். “இல்ல. இழுத்தான். ‘கிலு பெரானி’ன்னான்.”

காந்தா இடுப்பிலிருந்த கையை இறக்கினாள். “‘னி’ போட்டானா?”

“ஆமா.”

“நெசமா?”

“காதுலயே சொன்னான்கா.”

மைதிலி அந்த ‘னி’யைக் கேட்டதே இல்லை. அகராதியிலும் இல்லை, பூட்டிய கோப்பிலும் இல்லை. காந்தாவையே பார்த்தாள். காந்தா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“அது பெத்தவ பால் குடிக்கிற புள்ளைகிட்ட சொல்றது. அடுப்புக்கிட்ட தவழ்ந்து போனா, ‘பெரானி பெரானி’ன்னு தூக்கிக்குவா. பெரியவங்களுக்கு யாரும் அப்படிச் சொல்றது இல்ல.”

கொம்பலி கேட்டு வளரும் கைக்குழந்தை ஒன்றுகூட இல்லாத காலத்தில்தான் மைதிலி இந்தச் சந்துக்கு வந்திருந்தாள். அதனால் அவள் காதில் விழவே இல்லை. புத்தகத்திலிருந்து கற்றவன் அதைச் சொல்லியிருக்க முடியாது. ஒரு தாயின் இடுப்பில் உட்கார்ந்து கேட்டவனுக்குத்தான் அது வரும்.

“அப்ப உன் முன்னால என்ன இருந்துச்சு?” என்று மைதிலி கணேசமூர்த்தியிடம் கேட்டாள்.

“ஒரு காகிதம். ஒத்துக்கிட்டதா எழுதி வச்சிருந்தாங்க. பெருவிரல் மை கூட தடவியாச்சு.” சொல்லிக்கொண்டே வந்தவன் எழுந்து உட்கார்ந்தான். “நான் பயத்துல கைய இழுத்துக்கினேன். அவங்க அடிச்சும் வைக்கல.”

கை வைக்காதே. திருட்டில் இல்லை, அந்தக் காகிதத்தில். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனாலும் காந்தாவுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. இதுவும் போலீஸின் வித்தையாக இருக்கலாம் என்றாள். நேரில் பார்த்தால்தான் ஆயிற்று என்று மறுநாள் காலை இருவரும் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த பேக்கரியில் நின்றார்கள். கணேசமூர்த்தி அடையாளம் சொன்ன ஏட்டு டீ குடிக்க வந்தார்; சட்டையில் ராமலிங்கம் என்று பெயர். ஐம்பதை நெருங்கும் வயது, ஒட்ட வெட்டிய தலை, நெற்றியில் விபூதி. காந்தா பக்கத்தில் போய் நின்று, கொம்பலியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: உன்னிடம் ‘பெரானி’ சொன்ன தாய் யார்?

“யாவ பாஷெம்மா இது? நங்கெ கொத்தில்ல, ஹோகி,” என்றார் அவர் கன்னடத்தில். என்ன பாஷையோ, எனக்குத் தெரியாது, போங்கள். குரலில் அதட்டல் இருந்தது. ஆனால் டீயைக் குடிக்காமலேயே கிளாஸை வைத்துவிட்டார்.

அவர் விறுவிறுவென்று நடந்தார். பேக்கரியைத் தாண்டி, மூடியிருந்த கடை ஒன்றின் நிழலில் நின்று, அவர்களுக்காகக் காத்திருந்தார். அருகே போனதும் மைதிலியைத்தான் முதலில் பார்த்தார்.

“நீங்க யாரு? புக்கு எழுதற அம்மாவா? இப்ப ரெக்கார்டு ஓடுதா?”

மைதிலி போனை எடுத்து அணைத்து அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தமிழில் பேசினார்.

“எங்கம்மா பேரு லட்சுமம்மா. கூட்டத்தை விட்டு எங்கப்பாவோட வந்துட்டாங்க. கதவைச் சாத்திக்கினு என்கிட்ட மட்டும்தான் பேசுவாங்க. எனக்கு ஆறு வயசுல இறந்துட்டாங்க. அதுக்கப்புறம் அந்தப் பேச்சை நான் வாயால சொன்னதே இல்ல. என் சம்சாரத்துக்குத் தெரியாது. டிபார்ட்மென்ட்ல தெரிஞ்சா, நான் பாத்த ஒவ்வொரு கேஸையும் தோண்டுவாங்க.” காந்தாவிடம் திரும்பினார். “அந்தப் பையன் விரலை நீட்டினதும் என்னை அறியாம வந்துடுச்சும்மா. யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

காந்தா அழுதாள். அவருடைய கையைப் பிடிக்கப் போய், யூனிஃபார்மைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“அம்மா, நீங்க அந்த ‘னி’யையும் எழுத வேணாம். எழுதினா எங்க கிடைச்சுதுன்னு கேப்பாங்க.”

மைதிலி தலையசைத்தாள். அவள் வேலையில் அதைவிடப் பெரிய புதையல் கிடைக்காது. ஒரு மொழியில் தாய் குழந்தையிடம் பேசும் தனி உருவம். அதைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

குணசேகரிடம் அவள் மன்னிப்புக் கேட்டாள். “உன்மேல தப்பு இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு,” என்றாள்.

“எப்படித் தெரிஞ்சது?”

“அதைச் சொல்ல முடியாது.”

அவன் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. சும்மா சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பான். மாதக் கடைசியில் மைசூருக்குப் போய்விட்டான். போகும்போது எல்லாப் பதிவுகளையும் சுத்தமாக அடுக்கி, பெயரிட்டு வைத்திருந்தான்.

சந்திலும் மைதிலியை யாரும் முழுதாக நம்பவில்லை. ஏட்டைப் பற்றிக் காந்தாவும் தம்பியும் வாயைத் திறக்கவில்லை. ‘பயத்துல ஏதோ காதுல விழுந்துச்சு’ என்று கணேசமூர்த்தி சொல்லிப் பார்த்தான். அவனையும் போலீஸ் விலைக்கு வாங்கிவிட்டதாகச் சிலர் பேசினார்கள். காந்தா மட்டும் மறுபடி ‘அக்கா’ என்றாள். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டாள்.

வகுப்பு திரும்பத் தொடங்கியபோது நான்கு பிள்ளைகள் வந்தார்கள். ஒரு பெண்ணின் அப்பா கூடவே வந்து, கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றார். உட்காரச் சொன்னதற்கு வேண்டாம் என்றார். மைதிலி எதை எடுத்தாலும் அவர் கண்கள் அவள் கையையே தொடர்ந்தன. நியாயம்தானே என்று அவளுக்குத் தோன்றியது. பிள்ளைகள் பக்கம் திரும்பி, தண்ணீருக்குக் கொம்பலியில் என்ன என்று கேட்டாள். அந்தச் சின்னப் பெண் பதில் தெரிந்தும் சொல்லாமல், முதலில் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.