மெட்டு இருந்த இடம்

"மெட்ட நீ எடுத்துக்க, மெர்ல். லிண்ட்சே வாயில காத்து நிக்காது," என்றான் டெஸ், பெண்டிகோ ஊர்த் தேவாலயத்து வாசலில் டிராம்போனுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே.

"எடுத்துக்கன்னா? தட்டுல மிஞ்சின சாசேஜா அது?"

"போன ஞாயிறு பௌலிங் கிளப்புல கேட்டேல்ல? பாதிப் பாட்டுல புஸ்ஸுன்னு போச்சு. இன்னிக்கு அவன் பொண்டாட்டி உனா சவப்பெட்டிக்குள்ள கிடக்கா. இப்பவும் அப்படி ஆனா?"

மெர்ல் தன் கிளாரினெட்டை எடுத்துப் பொருத்தினாள். அவர்கள் மூவரும் வாத்தியம் வாசித்துப் பிழைத்தவர்கள் அல்ல. டெஸ் குழாய் ரிப்பேர் பார்த்தவன், அவள் தபால் கொடுத்தவள். வாரம் தவறாமல் கூடி வாசித்தார்கள், அவ்வளவுதான். லிண்ட்சேயின் கார்னெட் என்ற குட்டி டிரம்பெட் மெட்டைச் சொல்லும். அதன் மேலே அவள் கிளாரினெட் கொடி போலச் சுற்றும், அடியில் டெஸ்ஸின் டிராம்போன் வழுக்கிக்கொண்டு வரும். அவரவர் இஷ்டத்துக்குத்தான் வாசிப்பு, ஆனால் எல்லோரும் சாய்வது அந்த மெட்டின் மேல். மே மாதம் லிண்ட்சேக்கு மேல்பல் முழுவதும் எடுத்துவிட்டார்கள். பொய்ப்பல்லின் மேல் உதடு ஊன்றவில்லை.

அவன் கருப்புக் கோட்டில் வந்தான். "என்ன குசுகுசுப்பு? என் பல்லைப் பத்திதானே?"

"இல்லப்பா."

"உனக்குப் பொய்யும் வராது டெஸ், தாளமும் வராது." பிறகு மெர்லிடம் திரும்பினான். "நான் நின்னுட்டா நீ எடுக்கக் கூடாது. சாகறதுக்கு முன்னாடி உனா இந்தப் பாட்ட வாசிக்கச் சொன்னது என்னைத்தான்."

"நின்னுட்டா நாங்க என்னதான் பண்றது?"

"உங்க பங்க மட்டும் வாசிங்க."

உள்ளே, பெட்டியின் பக்கத்தில் நின்று வாசித்தார்கள். முதல் சரணம் மெல்லிசாக, ஆனாலும் முழுசாக வந்தது. இரண்டாவதன் நடுவில் உதடு வழுக்கியது. காற்று மட்டும் வந்தது, பிறகு அதுவும் இல்லை.

கார்னெட் விழுந்தால் கிளாரினெட் பிடித்துக்கொள்வதுதான் வழக்கம். மெர்லுடைய விரல்கள் தாமாகவே மெட்டுக்கு ஓடின. டெஸ் அவளையே பார்த்தான். அவள் விரல்களை இழுத்துக்கொண்டாள்.

லிண்ட்சே கார்னெட்டை இறக்கவில்லை. உதட்டில் வைத்தபடி, ஒவ்வொரு சுரத்துக்கும் அதன் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்தான். சத்தம்தான் இல்லை. அவள் அந்த விரல்களைப் பார்த்து, மெட்டு இருக்க வேண்டிய இடத்தைச் சுற்றியே வாசித்தாள். டெஸ்ஸும் புரிந்துகொண்டு டிராம்போனில் அடிச்சுரத்திலேயே நின்றான். நடுவே அந்த இடம் காலியாகவே இருந்தது. யாரும் அதற்குள் கால் வைக்கவில்லை.

பாட்டு முடிந்தது. பெட்டி தூக்குகிறவர்கள் எழுந்தார்கள்.

"கடைசி அடியில முந்திட்ட, மெர்ல்," என்றான் லிண்ட்சே, தாழ்ந்த குரலில்.

"நீதான் முந்தின. நான் உன் பின்னாலதான் வந்தேன்."

அவன் தன் விரல்களைப் பார்த்தான். "அப்படியா? இருக்கும்," என்றான். கார்னெட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, பெட்டிக்குத் தோள் கொடுக்கப் போனான்.