என் காலுக்கு எரிந்த பச்சை விளக்கு

என் வாய் கொஞ்சம் நீளம். இருபத்தாறு பெண்களை வைத்து லைன் ஓட்டுகிறவளுக்கு வாய் நீளமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஆடி மாதம் என் கால்தான் சும்மா இருக்கவில்லை.

சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் கம்பெனி. கம்ப்யூட்டருக்குள் வைக்கிற போர்டுகளைச் செய்கிறோம். புதிதாகச் சேரும் எவளுக்கும் முதல் நாள் நான் சொல்லித்தருவது ஒன்றுதான். நம் உடம்பில் கரண்ட் சேரும். நைலான் சேலையை உருவும்போது சடசடவென்று பொரியுமே, அதே கரண்ட். அது விரல் நுனியிலிருந்து போர்டுக்குத் தாவினால் உள்ளே இருக்கும் சிப் செத்துப்போகும். நமக்குச் சுருக்கென்றுகூட இருக்காது. சில போர்டு அங்கேயே சாகும். சிலது டெஸ்டிங்கில் பாஸாகி, பெட்டியில் ஏறி, இரண்டு மாதம் ஓடிவிட்டுச் சாகும். அந்த இரண்டாவது ரகம்தான் நம் குடியைக் கெடுக்கும்.

அதனால் உட்கார்ந்து வேலை செய்கிறவள் மணிக்கட்டில் ஒயர் வைத்த பட்டை கட்ட வேண்டும். நடந்து வேலை செய்கிறவள் கம்பெனி செருப்புப் போட வேண்டும். உடம்பில் சேரும் கரண்ட் அது வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். காலையில் வாசலில் கார்டைத் தேய்த்து, பட்டைக்காரி ஒயரை மெஷினில் செருகியும் செருப்புக்காரி ஒரு தகட்டின்மேல் நின்றும் பொத்தானை அழுத்துவோம். பச்சை எரிந்தால் உள்ளே போகலாம். சிவப்பு எரிந்தால் சரிசெய்துகொண்டு வர வேண்டும். இரண்டுமே ரெக்கார்டில் ஏறிவிடும்.

சந்தியாவுக்கு ட்ரே தூக்குகிற வேலை. ராக்கிலிருந்து போர்டுகளை எடுத்து வந்து ஸ்வர்ணலதாவின் மேசையில் அடுக்குவாள். ஸ்வர்ணலதா அவற்றில் கனெக்டர் பொருத்துவாள். ஸ்வர்ணா பிச்சாட்டூர்க்காரி. அவளைப் பெற்றவர்கள் தை பிறந்தால் திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விடுவார்கள், மழைக்குத்தான் திரும்புவார்கள். ஐப்பசியில் அவளுடைய இரண்டு வருஷக் காண்டிராக்ட் முடிந்து பெர்மனென்ட் ஆகவேண்டும்.

"அடுத்த தைக்கு எங்க நைனாவ சூளைக்கு அனுப்ப மாட்டேன்க்கா. அவரு இருமிகினே கல்லறுக்கிறது இங்கருந்தே எனக்குக் கேக்குது" என்பாள், டிபன் பாக்ஸைத் திறக்கும்போதெல்லாம்.

ஆடி மூன்றாம் வாரம் சந்தியா மணிக்கட்டில் மஞ்சள் காப்போடு வந்து நின்றாள். அவள் பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் கண்டு பிழைத்ததற்கு ஊர் அம்மனுக்குத் தீமிதி வேண்டுதல். காப்புக் கட்டினவள் தீ மிதிக்கும்வரை செருப்புப் போடக்கூடாது.

"லீவு போட்டுத் தொலையறதுதானடி?"

"கேட்டேன்க்கா, குடுக்கல. ஆர்டர் அவசரமாம்."

"வெறுங்காலோட உள்ள உட மாட்டாங்களே."

"அதான் சாக்ஸ் போட்டுகினு வந்துகீறேன். சாக்ஸ் செருப்பு ஆகாதுல்ல? ஆத்தா கோச்சிக்க மாட்டா."

ரோட்டோரத்தில் வாங்கிய நைலான் சாக்ஸ். அதோடு தகட்டில் நின்றால் சிவப்புதான். பின்னால் பஸ்ஸில் இறங்கிய கூட்டம் நெருக்கியது. அவள் கார்டைப் பிடுங்கித் தேய்த்து, என் செருப்புக் காலோடு நானே தகட்டில் ஏறினேன். பச்சை எரிந்தது.

தீமிதி வரைக்கும் நான்கு நாள் இப்படிச் செய்தேன். புத்தி கெட்ட முண்டம் நான். ஆத்தா விஷயத்தில் குறுக்கே நிற்கவும் பயம், லைன் நின்றுபோனால் மேலே பதில் சொல்லவும் பயம். நான்கு நாளும் அவள் சாக்ஸைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நடந்து, போர்டுகளைத் தொட்டுத் தொட்டு அடுக்கினாள். ஒரு போர்டும் டெஸ்டிங்கில் விழவில்லை. தப்பித்தோமடா சாமி என்று நினைத்தேன்.

புரட்டாசிக் கடைசியில் சரக்கு வாங்கிய கம்பெனியிலிருந்து புகார் வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு போர்டு செத்துவிட்டது. எல்லாம் அந்த நான்கு நாளில் செய்தது. சிப்பைப் பிளந்து பார்த்திருக்கிறார்கள், ஆள் தொட்ட கரண்ட்தான் காரணமாம்.

ரெக்கார்டைப் புரட்டினார்கள். சந்தியாவுக்கு நான்கு நாளும் பச்சை. ஸ்வர்ணாவுக்கு மட்டும் மூன்றாம் நாள் காலையில் ஒரு சிவப்பு. பட்டையின் ஒயர் உள்ளே அறுந்திருந்தது. அவளே வந்து சொல்லி, புதுப் பட்டை வாங்கி, பச்சை எரிந்த பிறகுதான் மேசையில் உட்கார்ந்தாள். ஒளிக்காமல் சொன்னவளையே பிடித்தார்கள். முந்தின இரண்டு நாளும் ஒயர் விட்டுவிட்டுத்தான் பிடித்திருக்கும், அடுத்த நாளும் ஒழுங்காகக் கட்டியிருக்க மாட்டாள் என்று முடிவுகட்டி, வேலையைவிட்டு நிறுத்தினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தியாவைக் கையோடு இழுத்துக்கொண்டு குவாலிட்டி மேனேஜர் பானுபிரகாஷ் சாரிடம் போனேன்.

"சார், ஸ்வர்ணா மேல தப்பே இல்ல. இவ சாக்ஸோட நடந்தா. இவ கார்டுக்குத் தகட்டுல நின்னது நானு."

சந்தியா அழுதுகொண்டே தலையாட்டினாள். அவர் அவளை லைனுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"வினு பத்மினி", கேள் என்று தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்தார். "ஒருத்தி கார்டுக்கு இன்னொருத்தி நிக்கலாம்னு நான் எழுதினா, மூணு வருஷ ரெக்கார்டும் பொய்னு ஆயிடும். ஆர்டர் போயிடும். நானூறு பேர் வீட்டுக்குப் போவாங்க. இப்ப ஒருத்திதான் போறா."

"அந்த ஒருத்தியா என்ன அனுப்புங்க சார்!"

"உன்ன எதுக்கு அனுப்பினேன்னு எழுதணுமே. ரிப்போர்ட்டு நேத்தே வெள்ளிப்போயிந்தி."

போய்விட்டதாம். கத்தினேன். மேசையைத் தட்டினேன். அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வந்திருப்பேன்.

ஸ்வர்ணா கம்பெனி கொடுத்த மேல்கோட்டையும் கார்டையும் ஒப்படைத்துவிட்டு பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தாள். ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டினேன். காப்பு, சாக்ஸ், தகடு, என் கால், ஒன்று விடாமல். பாவி, அடித்தாலாவது தேவலை என்று நின்றேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னத் தேத்துறதுக்கு இப்டிலாம் சொல்லாதக்கா."

"ஐயோ, நெஜம்டி! எம்புள்ள மேல ஆணை!"

"புள்ள மேலலாம் ஆணை உடாத. மொத நாளே நீதான சொல்லிக் குடுத்த? கை பட்டு செத்துப்பூடும், தொட்டவளுக்கே தெரியாதுன்னு. எனக்கும் தெரியலக்கா. அந்த ஒயரு எப்ப அறுந்துச்சோ, எத்தினி போர்ட நான் சாவடிச்சனோ."

தலை தலையாய் அடித்துக்கொண்டேன். சந்தியாவைக் கூப்பிடட்டுமா என்றேன். பாவம், பிள்ளைக்காரி, அவளை இதில் இழுக்காதே என்று எனக்கே புத்தி சொன்னாள். பிச்சாட்டூர் பஸ் வந்து நின்றது.

"தைக்கு எங்க நைனாகூட நானும் சூளைக்குப் போறேன்" என்றாள் படியில் ஏறி நின்று. பிறகு தன் உள்ளங்கைகளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டாள்: "செங்கல்லு என் கை பட்டுக் கெடாதுல்லக்கா?"

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

"கெடாதுடி" என்றேன். அன்றைக்கு நான் சொன்னதில் அந்த ஒன்றைத்தான் அவள் நம்பினாள்.