டெல்மரின் ஞாயிற்றுக்கிழமை

தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வரும் வான்கோழிகளின் இறக்கையை வெட்டித் தொட்டியில் போடுவதுதான் டெல்மர் ஹாக்ஸின் வேலை. ஒன்றை முடிப்பதற்குள் அடுத்தது மூக்குக்கு நேரே வந்து நின்றது. வீட்டுக்கு வீடு வான்கோழி விருந்து வைக்கும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை நெருங்கினால் ஆர்கன்சாவின் அந்த இறைச்சி ஆலைக்குப் பிசாசு பிடித்துவிடும். குளிரில் விரல்கள் மரத்துப்போயிருந்தன. அதே விரல்களால் கிடார் வாசித்து ஊர் ஊராகக் கண்ட்ரி இசைப் பாடல்கள் பாடியவர் அவர். ஒரு காலத்தில் ரேடியோவைத் திருப்பினால் அவர் குரல்தான் வரும். எல்லாவற்றையும் குடித்தே தீர்த்தார். மகள் மார்லாவின் கல்யாணத்தில் பாட வேண்டியவர் அன்றைக்கு ஒரு மதுக்கடையில் விழுந்து கிடந்தார். அதற்கப்புறம் அவள் அவரோடு பேசவில்லை.

குடியை விட்டுவிட்டு இந்தக் கோடையில் அவள் வாசலில் போய் நின்றார். அவள் கதவைச் சாத்தவும் இல்லை, உள்ளே கூப்பிடவும் இல்லை. கிறிஸ்துமஸ் வரை ஒரே வேலையில் நிலைத்துக் காட்டினால் பின்னறையைத் தருவதாகச் சொன்னாள். அதுவரை அவருக்குக் கார்தான் வீடு. போன வாரம் அவளாகவே போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் பேத்தி ஜூனிக்கு ஞானஸ்நானமாம்; தண்ணீரில் இறங்கும்போது தாத்தா பாட வேண்டுமென்று அடம்பிடிக்கிறாளாம். டெல்மர் காருக்குள் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதார்.

வெள்ளிக்கிழமை ஆலையில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். ஞாயிறும் வேலை உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்கள் வராவிட்டால் சீட்டு கிழியும். வேலை நடக்கும் இடத்துக்கு வந்த மேற்பார்வையாளன் ரஸ்டியிடம் டெல்மர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்.

"பெருசு, அந்த ஹாக்ஸ் நீங்கதானா? எங்கம்மா உங்க பாட்டுன்னா உசுரையே விடுவாங்க." ரஸ்டி வீடியோ எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தான். "இங்கயே ஒண்ணு பாடுங்க. ஞாயித்துக்கிழமைய நான் பாத்துக்கறேன்."

வான்கோழிகள் நிற்காமல் வந்துகொண்டிருந்தன. ரத்தம் தெறித்த ஏப்ரனோடு, ஒரு கண்ணைக் கத்தியில் வைத்தபடியே டெல்மர் பாடினார். இயந்திர இரைச்சலுக்காக எல்லாரும் காதை அடைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற குவாத்தமாலாக்காரி இர்மா மட்டும் ஒரு காதிலிருந்து பஞ்சை உருவிவிட்டுக் கேட்டாள். ரஸ்டி போனதும், ஞாயிற்றுக்கிழமை லீவை அவனிடம் எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

"அவன் அம்மாவுக்கு என் பாட்டு பிடிக்குமாம்," என்றார் டெல்மர்.

ஞாயிற்றுக்கிழமை பாடினார். மேலே ஏறும் இடத்தில் குரல் உடைந்தது. சபையில் யாரும் முகம் சுளிக்கவில்லை. வெள்ளை அங்கியில் நனைந்து எழுந்த ஜூனி அவரைத்தான் தேடிப் பார்த்தாள். வெளியே வந்ததும் மார்லா அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். மறுநாள் காலையில் வீட்டுப் பக்கம் வந்து போகச் சொன்னாள்.

திங்கட்கிழமை விடியுமுன் போனார். சமையலறைக் கதவருகில் ஒரு சாப்பாட்டு டப்பாவை நீட்டினாள். பீன்ஸும் சோள ரொட்டியும்.

"சாப்பாடு குடுத்துட்டேன்னு ரூமும் குடுத்துட்டதா நெனச்சுக்காதீங்கப்பா. கிறிஸ்துமஸ்னா கிறிஸ்துமஸ்தான்."

"சரிம்மா," என்றார். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஆலை வாசலில் இருந்த கருவியில் அடையாள அட்டையைத் தேய்த்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தார். ஞாயிறு வரவில்லை என்று பதிவாகியிருப்பதாகக் காவலாளி சொன்னான். ரஸ்டியிடம் சொல்லிவிட்டுத்தான் போனதாக டெல்மர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே ரஸ்டி வந்துவிட்டான். அவன் அட்டைக்குப் பச்சை எரிந்தது.

"மேல எடுத்த முடிவு, பெருசு. என் கைல என்ன இருக்கு?" என்றபடி நிற்காமல் உள்ளே போனான்.

டெல்மரை ஓரமாக நிற்கச் சொன்ன காவலாளி அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். பிறகு போனைத் தடவி ஜன்னல் கண்ணாடியில் சாய்த்து வைத்தான். திரையில் ஏப்ரனோடு அவர் நின்றுகொண்டிருந்தார்.

"இது நீங்கதான? ஆலைல எல்லாருக்கும் வந்திருக்கு. நல்லா பாடறீங்க," என்றவன், அட்டைக்காகக் கையை நீட்டினான்.

சூடு ஆறாத டப்பாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, டெல்மர் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றினார். போனில் பாட்டு மேலே ஏறும் இடத்துக்கு வந்திருந்தது.