அலையாத்திக் காடு தடுத்த தண்ணீர்

முத்துப்பேட்டைப் பக்கம் புயல் கரையேறிய அன்று கமலக்கண்ணன் ஓசூர் தொழிற்சாலையில் வேலையில் இருந்தான். ஊரில் இருந்த மனைவி பவளத்தின் போன் அணைந்து கிடந்தது. பேருந்துகளும் ஓடவில்லை.

லீவு கேட்டவனிடம் சூப்பர்வைசர், "போயி என்னப்பா பண்ணுவே? வழியெல்லாம் மரம் சாஞ்சு கெடக்குதாம்" என்றார். இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே நின்று அவன் பவளத்தின் எண்ணையே திரும்பத் திரும்ப அழைத்துப் பார்த்தான்.

மறுநாள் மதியம் பவளமே அழைத்தாள்.

"கூரை போச்சுங்க. புள்ள நல்லாருக்கா. கடல் பொங்கி வந்துச்சு, அலையாத்திக் காடுதான் தடுத்துச்சு. மரத்த வெட்டி எறால் குட்டை போட்டாங்கல்ல, அந்தப் பக்கம் ஊரே முழுகிருச்சு."

"இப்ப எங்க இருக்க?"

"பள்ளிக்கூடத்துல. மாடி பூரா நாரை, கொக்கு. அதுகளும் எங்களாட்டம் ஒதுங்கிக் கெடக்குதுங்க. நீங்க எப்ப வருவீங்க?"

பதில் சொல்லுமுன் இணைப்பு அறுந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு அவன் இயந்திரத்துக்குத் திரும்பினான்.