சின்ன ஸ்டியரிங்

திருச்சியில் தங்கை பெண்ணின் கல்யாணத்தை முடித்துவிட்டுக் குழந்தைகளோடு ஜலஜா புது தில்லி ஸ்டேஷனில் இறங்கியபோது, அழைத்துப்போக வந்திருந்த கணவர் கல்யாணராமனின் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவளுக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. கேட்காமல் எதையாவது செய்து வைத்துவிட்டு, அதற்குப் பாராட்டையும் எதிர்பார்க்கிற மனிதரின் சிரிப்பு. போன தடவை அது வந்தபோது வீட்டில் ஒரு அல்சேஷன் நாய்க்குட்டி இருந்தது.

“வண்டிகிட்ட வா, காட்டறேன்” என்றார்.

வண்டி என்றால் ஜலஜாவின் ஹெரால்ட் கார். ஜலஜாவின் என்பதை அழுத்திச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வம்பே அதில்தான் இருக்கிறது. இரண்டே கதவு, சிவப்பு நிறம், பந்தயத்துக்குப் புறப்பட்டதுபோலத் தாழ்ந்த உடம்பு. ஓய்வு பெற்று மதராஸுக்கு மூட்டை கட்டிய ஓர் அதிகாரியிடமிருந்து, தன் அலுவலகத்தில் கடன் போட்டு அவள் வாங்கியது. ஆசைக்கு வாங்கவில்லை. ஆர்.கே.புரத்திலிருந்து செயலகம் வரை பஸ்ஸில் போய் வந்த காலமெல்லாம், கூட்டத்தைச் சாக்காக வைத்து மேலே விழுகிறவர்களை முழங்கையாலும் ஊக்காலும் சமாளித்து அலுத்துப்போய், இனி இந்த ஜன்மத்தில் பஸ் படி மிதிப்பதில்லை என்று ஒரு நாள் முடிவு கட்டினாள். லைசென்ஸ் எடுத்தாள், வண்டி வாங்கினாள். குள்ளமான உடம்புக்கு ஒரு தலையணையைப் போட்டுக்கொண்டு, அந்தப் பெரிய மெல்லிய ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து அவள் ஓட்டினால் ஹெரால்ட் பம்பரமாகத் திரும்பும். குவார்ட்டர்ஸ் சந்தில் மற்றவர்கள் முன்னும் பின்னுமாகத் திண்டாடுகிற இடத்தில் அவள் ஒரே வளைப்பில் திருப்பிக்கொண்டு போவாள்.

கல்யாணராமனுக்கும் லைசென்ஸ் உண்டு. ஆனால் தினமும் ஓட்டுவது அவள்தான். அவருடைய அலுவலகம் வழியிலேயே இருந்ததால் அவரை முதலில் இறக்கிவிடுவாள். அவர் கேட் வரை வரமாட்டார், முன்னால் இருக்கும் ரவுண்டானாவிலேயே இறங்கிக்கொள்வார். “கொஞ்சம் நடந்தா டிபன் ஜீரணம் ஆகும்” என்பார்.

ஸ்டேஷன் வாசலில் அவர் கதவைத் திறந்து காட்டியதும், வண்டியில் ஏதோ திருடு போய்விட்டது என்றுதான் ஜலஜா முதலில் நினைத்தாள். ஸ்டியரிங் இருந்த இடத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒன்று உட்கார்ந்திருந்தது. தடியாகக் கறுப்புத் தோல் சுற்றி, நடுவில் ஓட்டை ஓட்டையாய் மூன்று அலுமினியப் பட்டைகள். அதன்மேல் சந்தனமும் குங்குமமும் வேறு.

“கரோல் பாக்ல போட்டேன். ரேஸ் கார்ல போடற மாடலாக்கும். எப்படி?”

“மம்மி, ஏக்தம் ரேஸ் கார்!” என்று பையன் குதித்தான்.

“என் ஸ்டியரிங் எங்கே?” என்றாள் ஜலஜா.

“அந்தப் பழசைக் கடையிலேயே குடுத்துட்டேன். அது எதுக்கு இனிமே?”

“என்னைக் கேக்கணும்னு தோணலையா?”

“கேட்டுட்டுப் பண்ணினா அதுக்குப் பேர் சர்ப்ரைஸா? மலை மந்திருக்குக் கொண்டுபோய் அர்ச்சனைகூடப் பண்ணியாச்சு.”

“யார் பேருக்கு?”

கல்யாணராமன் டிக்கியில் பெட்டியை ஏற்றுவதில் மும்முரமானார். “என் நட்சத்திரத்துக்குத்தான். நீதான் ஊர்ல இல்லையே!”

அவளுடைய வண்டிக்கு அவர் பெயரில் அர்ச்சனை! வண்டி வாங்கிய அன்றைக்கு அதே சன்னதியில் தன் பெயரையும் கோத்திரத்தையும் நட்சத்திரத்தையும் குருக்களிடம் சொல்லிப் பூஜை போட்டவள் அவள். இரண்டு ராத்திரி ரயிலில் வந்த உடம்பு வலியில் அன்று அதற்குமேல் பேச அவளுக்குத் தெம்பில்லை. பேசியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை குவார்ட்டர்ஸ் சந்தில் அவள் வண்டியைத் திருப்பப் பார்த்தாள். தடித்த வளையத்தைச் சுற்றி அவள் விரல்கள் வளையவே இல்லை. வட்டம் சின்னதானால் பிடி கனக்கும் என்பது கிணற்று ராட்டினம் சுற்றினவர்களுக்குக்கூடத் தெரியும். தோள்பட்டை விட்டுப்போகும்படி இழுத்தும் பாதி வளைவில் வண்டி நின்றுவிட்டது. முன்னால் எதிர்வீட்டு ஸ்கூட்டர், பின்னால் சுவர். பால் பூத்தில் வரிசையாக நின்றவர்களுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடைக்குமா? “மாதாஜி, ரஹ்னே தீஜியே” என்று விட்டுவிடச் சொல்லி ஒருவர், “லெஃப்ட், லெஃப்ட்” என்று ஒருவர். எத்தனையோ காலமாக அவள் ஒரே வளைப்பில் திருப்பிக்கொண்டு போனதைப் பார்த்த அதே ஆட்கள்தான்.

கல்யாணராமன் இறங்கி அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார். “நகரு, நான் எடுக்கறேன்.”

எடுத்தார். நன்றாகத்தான் எடுத்தார். கை பலம் உள்ள ஆள். பால் பூத் வரிசை தலையாட்டி ஆமோதித்தது.

“பழகிண்டா சரியாயிடும்” என்றார் வழியில். ஆனால் பழகிக்கொள்ள விட்டால்தானே? காலையில் நேரமாகிவிட்டது என்பார். ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் விற்கிற விலையில் பழக்கமாவது என்பார். ஒரு வாரத்தில் அவர் வலது பக்கமும் அவள் இடது பக்கமும் என்று ஏற்பாடு தானாகவே நிலைத்துவிட்டது. இப்போது அவளை முதலில் இறக்கிவிட்டு, வண்டியை அவர் தன் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். கேட்டுக்குள்ளேயே போய் வாசற்படிக்கு எதிரில் நிறுத்தினார். ஜீரணத்தைப் பற்றிய பேச்சே இப்போது இல்லை.

“பழசை மாட்டிக் குடுங்கோ” என்று அவள் எத்தனை தடவை கேட்டாளோ! ஒரு நாள், அர்ச்சனை பண்ணினதைக் கழற்றக் கூடாது என்றார். இன்னொரு நாள், “உன் கைல தெம்பு இல்லைன்னா அதுக்கு ஸ்டியரிங் என்ன பண்ணும்?” என்றார். நேற்றுவரை தெம்பாக இருந்த கைதானே இது?

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. மாலை அவள் மேஜையைப் பூட்டிக்கொண்டிருந்தபோது கல்யாணராமன் போன் செய்தார். மீட்டிங் முடிய நேரமாகும், இன்றைக்கு ஒரு நாள் பஸ்ஸில் போய்விடு என்றார்.

போனாள். வேறென்ன செய்வது? படியில் தொங்கின கூட்டத்துக்குள் புகுந்து கம்பியைப் பிடித்த சற்று நேரத்திலேயே முதுகோடு ஒருவன் ஒட்டினான். நகர்ந்தாள், நகர்ந்தான். திரும்பி, அக்கம்பக்கம் கேட்கும்படி இந்தியில் திட்டினாள். அவன் இளித்தான். “இத்தனை நாசூக்குன்னா டாக்சில போறது” என்று உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனிதர் சொன்னார். கண்டக்டரும் சேர்ந்து சிரித்தான். டாக்சியாம்! தனக்கென்று ஒரு கார் வாங்கி, ஓட்டக் கற்றுக்கொண்டு, கடனும் கட்டிக்கொண்டிருக்கிறவள் அவள். பாதி வழியிலேயே இறங்கி மீதித் தூரத்தை நடந்தாள். அழுகை வந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

கல்யாணராமன் அவளுக்குப் பின்னால் ஹெரால்டில் வந்து இறங்கினார், ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு. அவள் நடந்ததைச் சொன்னாள்.

“சே, பொறுக்கிப் பசங்க” என்றார் காபியை ஆற்றிக்கொண்டே. “தில்லி பஸ்னா அப்படித்தான். எல்லாருக்கும் நடக்கறதுதானே? இனிமே லேட்டானாலும் ஆபீஸ்லயே உக்காந்துண்டிரு, நான் வந்து கூட்டிண்டு போறேன்.”

மறுநாள் காலை ஆணியிலிருந்து சாவியை எடுத்து ஜலஜா இடுப்பில் செருகிக்கொண்டாள். “இன்னிக்கு நான் லீவு. வண்டி என்கிட்ட இருக்கும். நீங்க சார்ட்டர்ட் பஸ்ல போங்கோ” என்றாள். அவள் முகத்தைப் பார்த்த கல்யாணராமன் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சந்தில் வண்டியை வெளியே எடுக்கவே அவளுக்குப் பெரும்பாடாகிவிட்டது. ரிட்ஜ் ரோடு நேராகக் கிடந்தது, அது போதும். ரவுண்டானா வந்தபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள். கரோல் பாக்கில், பில்லில் விலாசம் பார்த்து வைத்திருந்த அந்தக் கடைக்கு எதிரில், தெருவின் நடுவிலேயே நிறுத்தினாள். அதற்குமேல் ஓரம் கட்டக் கையில் வலுவில்லை. பின்னால் ஹார்ன் அலறியது. அலறட்டும் என்று இறங்கினாள்.

கடைக்காரர் ஒரு சர்தார்ஜி, வாய் ஓயாத மனிதர். வண்டியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். “அரே, மதராஸி சாப் வண்டியாச்சே! சாப் வரலையா?”

“எனக்கு என் பழைய ஸ்டியரிங் வேண்டும். இதை என்னால் திருப்ப முடியவில்லை” என்றாள் அவள் இந்தியில்.

சர்தார்ஜி ஆச்சரியப்பட்டார். “நீங்களா ஓட்டறீங்க, பஹன்ஜி? இதை யார் ஓட்டுவாங்கன்னு நான் சாப்கிட்ட கேட்டேனே! லேடீஸ் ஓட்டறதா இருந்தா கொஞ்சம் பெரிசா, மெல்லிசா, அதிலும் ஸ்போர்ட்ஸ் மாடல் வெச்சிருக்கேன். எடுத்தும் காட்டினேன். சாப் சிரிச்சுட்டார். ‘நான் ஒருத்தன்தான் ஓட்டறேன், எங்க வீட்ல வேற யாருக்கும் ஓட்டத் தெரியாது’ன்னாரு.”

ஜலஜா அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளாக அவள் இதை அசட்டுத்தனம் என்று நினைத்திருந்தாள். ஆசைப்பட்டு வாங்கிவிட்டார், ஒப்புக்கொள்ள மனசில்லை என்று நினைத்திருந்தாள். அசட்டுத்தனம் இல்லை. பெண்டாட்டி ஓட்ட, தான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர் என்று முன்பின் தெரியாத ஒரு கடைக்காரனிடம் சொல்ல அவருக்கு வெட்கம். ரவுண்டானாவில் இறங்கி நடந்ததும் ஜீரணத்துக்காக இல்லை. கேட்டில் நிற்கிறவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்றுதான். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அந்தப் பழைய ஸ்டியரிங்கை யார் வாங்கப் போகிறார்கள்? கடையின் பின்பக்கத்துச் சாமான்களுக்கு அடியில் கிடந்தது. மெக்கானிக் ஒரு நட்டைக் கழற்றிச் சின்னதை உருவி, பெரியதைப் பொருத்தி முடுக்கினான். ஜலஜா ஏறி உட்கார்ந்து, அந்தச் சந்தடித் தெருவில் ஒரே வளைப்பில் வண்டியைத் திருப்பினாள். சர்தார்ஜி “வாஹ்!” என்றார். கோல் மார்க்கெட்டுக்குப் போய்க் காபிப்பொடியும் காய்கறியும் வாங்கினாள். சின்னச் சின்னச் சந்துகளிலெல்லாம் வேண்டுமென்றே நுழைந்து வெளியே வந்தாள். கோபம் மட்டும் இறங்கவில்லை.

அலுவலகம் விடும் நேரத்தில் கல்யாணராமனின் கேட்டுக்கு நேர் எதிரில் வண்டியை நிறுத்தினாள். ரவுண்டானாவில் இல்லை, கேட்டில். அவர் தன் செக்‌ஷனில் வேலை பார்க்கிற வெங்கடராமனோடு பேசிக்கொண்டே வந்தார். சிவப்பு வண்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, நேராக வலது பக்கக் கதவைப் பிடித்தார்.

“நகந்துக்கோ.”

அவள் நகரவில்லை. அப்போதுதான் அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

“மாமி, நீங்களும் ஓட்டுவேளா?” என்றார் வெங்கடராமன் சூதுவாது இல்லாமல். “சார் சொல்லவே இல்லையே!”

“சொல்லியிருக்க மாட்டார்” என்றாள் ஜலஜா. “ஏறுங்கோ, உங்களையும் கொண்டுவிடறேன்.”

கல்யாணராமன் கேட்டைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் வந்துகொண்டிருந்தார்கள். இடது பக்கம் போய், முன்சீட்டை மடக்கி, வெங்கடராமனைப் பின்னால் ஏறவிட்டு, தானும் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும், “ஆத்துக்கு இந்தப் பக்கம் இல்லையே” என்றார்.

“தெரியும். கடைக்குப் போறோம். நீங்க சொன்னதை மாத்திச் சொல்லிட்டு வரணும்.”

அவருக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினார். “பின்னாடி வெங்கடராமன் இருக்கான், ஜலஜா. ஆத்துல போய்ப் பேசிக்கலாமே.”

“பொய்யை ஆத்துலயா சொன்னேள்? கடையிலதானே சொன்னேள்?”

கடை வாசலில் அவள் ஸ்டியரிங்கைவிட்டு எழுந்திருக்கவில்லை. கல்யாணராமன் மட்டும் இறங்கிப் போய் நின்றார். சர்தார்ஜி ஒரு வாடிக்கையாளருக்கு சீட் கவர் காட்டிக்கொண்டிருந்தார். கல்யாணராமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி இந்தியில் சொன்னார்: “இந்த வண்டி என் சம்சாரத்தோடது. ஓட்டறது அவதான். நான் பக்கத்துல உக்காந்துண்டு வரேன்.”

“அச்சா ஜி” என்றார் சர்தார்ஜி. “ரொம்ப நல்லா ஓட்டறாங்க. காலையிலயே பார்த்தேன். சீட் கவர் ஏதாவது பார்க்கறீங்களா?” என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிக்கொண்டார்.

அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. பின்சீட்டில் வெங்கடராமன் சுவாரசியமாக ஒரு லட்டுக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணராமன் பெருமூச்சு விட்டுக்கொண்டு வண்டிக்கு வந்து, ஜன்னல் வழியாகக் குனிந்து, அவளுக்கு ஆறுதல் சொல்கிறவரைப்போல, “பாத்தியா, அவன் ஒண்ணும் நினைச்சுக்கலை” என்றார்.

கொஞ்சம் தணிந்துகொண்டு வந்த கோபமெல்லாம் ஜலஜாவுக்குத் தலைக்கேறியது.

“இதைச் சொல்ல வெட்கப்பட்டுண்டா என்னை அந்த பஸ்ஸில ஏத்தினேள்?” என்று கத்தினாள். கரோல் பாக் தெருவில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். “இவ்வளவுதானே? இந்த ஒரு வார்த்தைதானே? இதுக்கா என் முதுகுல எவனோ ஒருத்தன் வந்து ஒட்டிண்டு நின்னான்?”

பின்னால் ஒரு டெம்போ ஹார்ன் அடித்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. “மாமி, வண்டியை எடுக்கலாமா?” என்று வெங்கடராமன் மெதுவாகக் கேட்டார். ஜலஜா இஞ்சினை அணைத்துவிட்டு, கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்காக உட்கார்ந்திருந்தாள்.